செட்டிபாளையத்து நாயின் படம்

அடையாள அட்டைப் படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும். யுத்த காலத்தில் எங்கள் ஸ்டூடியோவில் நான் அதிகம் பேசிய வசனம் "காதைக் காட்டுங்க" என்பதுதான். தலைமயிரை ஒதுக்கச் சொன்னால் பெண்கள் முறைப்பார்கள். நாய்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, சொல்லாமலே காட்டும். எங்கள் வீட்டு நாய்க்கு மட்டும் இடது காது நுனி மடிந்து கிடக்கும். உனக்கு ஐசி கிடையாதடி என்று அதைக் கேலி செய்வேன்.

ஸ்டூடியோ மட்டக்களப்பு டவுனில் எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்தது. வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என் கணவர் ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு கமராவோடும் வந்து சேர்ந்தார். முன்னறையில் லைட் தொங்கவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறையை இருட்டாக்கி, பிலிம் கழுவவும் படம் அடிக்கவும் எனக்குப் பழக்கிவிட்டார். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். வேறு எதற்கும் சொல்ல மாட்டேன்.

கலியாண வீட்டு ஓடர்களுக்கு அவர்தான் போவார். வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் ஒரு கலியாணம் என்றால் காலையில் பஸ் ஏறுவார். பின்னேரம் ஆமிக்காரர் பாதையைப் பூட்டிவிடுவார்கள். பாதை பூட்டினால் போன இடத்திலேயே தங்கிவிட்டு மறுநாள் வருவார். அப்படிப்பட்ட இரவுகளில் நான் சோற்றை மூடி வைத்துவிட்டு, சண்டை பிடிக்கிற எல்லாரையும் ஒருவர் விடாமல் திட்டுவேன். என் புருசனை வீட்டுக்கு வரவிடாமல் மறிப்பது இந்தச் சண்டைதான் என்று மனதார நம்பினேன்.

பிறகு அவர் ஏஜென்சி பிடித்து சுவிஸுக்குப் போனார். நல்ல கமராவைக் கொண்டுபோனார், பழையதை எனக்கு விட்டுவிட்டுப் போனார். "பேப்பர் சரிவந்தா அடுத்த நாளே உன்னக் கூப்பிடுவன்" என்று சொன்னார். அந்த ஒரு வசனத்தில்தான் நான் காலம் தள்ளினேன். கூரையில் ஓடு உடைந்து ஒழுகியது, விட்டுப் போகப்போகிற வீடுதானே என்று மாற்றவில்லை. நல்லநாள் பெருநாளுக்குச் சீலை வாங்காமல் குளிர்ச் சட்டை ஒன்று வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டேன். மட்டக்களப்பு வெயிலில் கம்பளிச் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கடிதம் எழுத மாட்டார். கசற்றில் பேசிப் பதிந்து அனுப்புவார். அந்த நாளில் பல வீடுகளில் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஒரு கசற் முழுக்கப் பேசி, வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்துவிடும். இங்கே வீடே கூடியிருந்து கேட்கும். போன் எடுக்கலாமே என்று ஒருமுறை நான் பேசி அனுப்பிய கசற்றில் கேட்டேன். அங்கிருந்து கோல் எடுத்துக் கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. பாவம், குளிருக்குள் கஷ்டப்படுகிற மனுசன் என்று அதையும் நம்பினேன்.

நாய்ப் படம் எடுக்கும் வேலை தன்னாமுனையில் தொடங்கியது. அங்கே ஒரு கத்தோலிக்க வீட்டில் தாயும் தகப்பனும் மட்டும் இருந்தார்கள். மகன் கனடாவில். தான் வளர்த்த நாயைப் படம் எடுத்து அனுப்பும்படி மகன் எழுதியிருந்தான். சும்மா முற்றத்தில் நிற்கிற படம் வேண்டாமாம், ஸ்டூடியோவில் எடுத்ததுபோல வடிவாக வேண்டுமாம். நாயை பஸ்ஸில் ஏற்றி ஆமிச் சாவடிகளைத் தாண்டி டவுனுக்குக் கொண்டுவர முடியாது. ஸ்டூடியோதான் நாயிடம் போக வேண்டும்.

முதல் தடவை நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பைப் வாங்கிச் சட்டம் செய்து, அதில் துணி கட்டலாம் என்று கொண்டுபோனேன். சாவடியில் பைப்பைப் பறித்துக்கொண்டார்கள். சரி என்று இரண்டு தென்னைக்கு நடுவே துணியைக் கட்டினால் வாவிக்காற்று அதைத் தூக்கி நாயின் தலையில் போட்டது. மூன்றுகால் ஸ்டாண்டை விரித்தபோது ஒரு சத்தம் வந்தது. வெடிச்சத்தத்துக்குள் வளர்ந்த நாய் அது. இரும்பு தட்டுப்பட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கட்டிலுக்குக் கீழே போனது போனதுதான். பிளாஷ் லைட்டையும் ஒருமுறை அடித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படலையில் என்னைக் கண்டாலே நாய் ஓடியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திரும்ப யோசித்தேன். பைப் வேண்டாம், கொடிக் கயிறு போதும். கொடிக் கயிற்றை யார் பறிக்கப் போகிறார்கள். படுக்கை விரிப்பு ஒன்றுக்குச் சாம்பல் நிறச் சாயம் போட்டு, மேல் விளிம்பில் திரைச்சீலை வளையம் கோத்தேன். கீழ் விளிம்பை நீளப் பைபோல மடித்துத் தைத்தேன். போகும் இடத்தில் அதற்குள் மணலை நிரப்பினால் கச்சான் காற்றுக்கும் துணி அசையாது, வரும்போது மணலைக் கொட்டிவிடலாம். மணலுக்கு எங்கள் கரையில் பஞ்சமா. பிளாஷுக்குப் பதிலாக ஒரு வெள்ளை விரிப்பை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு நிற்பார், வெயில் அதில் பட்டு நாயின் முகத்தில் விழும். நாய் நிற்பதற்கு அந்த வீட்டில் ஆட்கள் இருக்கிற மரவாங்கையே துணிக்கு முன்னால் போட்டு, நாய் வழக்கமாகப் படுக்கிற சாக்கை அதன்மேல் விரித்தேன். தன் மணம் உள்ள சாக்கில் நாய் பயப்படாமல் ஏறும். ஸ்டாண்டை, நாய்க்குச் சத்தம் கேட்காதபடி வெளியே ஒழுங்கையிலேயே விரித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எல்லாம் சரி, ஆனால் நாய் கமராவைப் பார்க்க வேண்டுமே. அதற்கு வழி காட்டியது எங்கள் வீட்டு நாய்.

கணவரின் முதல் கசற் வந்த நாளில் எங்கள் கசற் றேடியோவில் போட்டேன். அவர் குரல் வந்ததும் கதவடியில் படுத்திருந்த நாய் எழும்பியது. மடிந்த காதும் நிமிர்ந்துவிட்டது. றேடியோவுக்கு முன்னால் வந்து குந்தி, ஆடாமல் அசையாமல் பார்த்தது. பிறகு சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அவர் அங்கே நிற்கிறாரா என்று தேடியது. இல்லை என்றதும் திரும்ப முன்னால் வந்து குந்தியது. நான் அழுதேன், அது வேறு கதை. ஆனால் அழுதுகொண்டே ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெளிநாட்டுக்குப் போனவரின் குரல் ஒவ்வொரு வீட்டிலும் கசற்றில் இருக்கிறது. றேடியோவைக் கமராவுக்குக் கீழே வைத்துவிட்டால் போதும்.

அப்படி நான் எடுத்த முதல் படம் எங்கள் நாயுடையதுதான். காது நிமிர்ந்து, கண் விரிந்து, ஒரு பிள்ளை பள்ளிக்கூட வாசலில் தாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பெரிதாக அடித்து அவருக்கு அனுப்பினேன். அடுத்த கசற்றில் குளிரைப் பற்றிப் பேசினார், அங்கே தின்கிற பாணைப் பற்றிப் பேசினார், ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுவதைப் பற்றிப் பேசினார். நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடிதங்களை உடைத்துப் பார்க்கிற காலம், படம் வழியில் தொலைந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் சண்டையைத்தான் திட்டினேன்.

தன்னாமுனைக்குத் திரும்பப் போனேன். தாய் மகனின் கசற்றைக் கொண்டுவந்தார். "அம்மா, நான் சுகமா இரிக்கன்" என்று குரல் வந்ததும் கட்டிலுக்குக் கீழே இருந்த நாய் வெளியே வந்து, சாக்கில் ஏறிக் குந்தியது. வெள்ளை விரிப்பைப் பிடித்திருந்த தாய் மகனின் குரல் வந்த பக்கம் திரும்பினார், வெளிச்சமும் கூடவே திரும்பியது. ஆனாலும் படம் நன்றாக வந்தது.

அதன்பிறகு ஒருவர் சொல்லி ஒருவராகக் கூப்பிட்டார்கள். உன்னிச்சைப் பக்கத்தில் நிறைய வயல் வைத்திருக்கிற ஒரு போடியார் வீட்டில் பசுவை எடுத்தேன். பசு துணியைவிட நீளம், போதாக்குறைக்கு விளிம்பை மென்று தின்றுவிட்டது. பூனைகள் குரலுக்கு மசியாது, அவற்றுக்குக் கருவாட்டுத் துண்டுதான். கசற் இல்லாத வீட்டு நாய்களுக்கு எங்கள் கோழிகள் கொக்கரிப்பதைப் பிடித்து ஒரு கசற் வைத்திருந்தேன், அதுவும் ஓரளவுக்குப் பலித்தது. பற்றறிதான் பெரிய தொல்லை. பழைய பற்றறியை வெயிலில் காயவைத்துப் போடுவேன். பலம் குறைந்தால் குரல் இழுபடும், இழுபட்ட குரலை எந்த நாயும் அடையாளம் காணாது.

சாவடிக்காரருக்கும் நான் பழகிவிட்டேன். முதல் முறை ஒருத்தன் துணியை விரித்து உதறிப் பார்த்து, "இது என்னத்துக்கு?" என்று கேட்டான். நாய்ப் படம் எடுக்க என்றேன். "நாய்க்கா?" என்று கேட்டு, மற்றவனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து நான் அவர்களுக்குப் பல்லா நோனா. பல்லா என்றால் சிங்களத்தில் நாய், நோனா என்றால் அம்மணி. சிரித்துக்கொண்டு விட்டால் போதும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

எழுவான்கரைச் செட்டிபாளையத்திலிருந்து ஆள் வந்தது அப்படி ஒரு நாளில்தான். அங்கே தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு, வெளிநாட்டில் இருக்கிற புருசனுக்கு அனுப்பத் தன் நாயைப் படம் எடுக்க வேண்டுமாம். டவுனில் ஒரு அக்கா நாய்ப் படம் எடுக்கிறா என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எனக்கும் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அன்று காலை சோறு கட்டும்போது கணவரின் புதுக் கசற்றை இன்னொரு தரம் கேட்டேன். கேட்டு முதலுக்குச் சுற்றிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று றேடியோவை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அவள் என்னைவிட இளையவள். முற்றம் கூட்டி, தண்ணீர் தெளித்து, வாங்கைக் கழுவி வைத்திருந்தாள். "வாங்க அக்கா, வெயிலுக்க வந்திருக்கிறீங்க, முதல்ல இளநி குடிங்க" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாயைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இடது காது நுனி மடிந்திருந்தது.

"எங்கட வீட்டு நாய்க்கும் இப்பிடித்தான் புள்ள" என்றேன்.

"இது டவுனிலயிருந்து வந்ததுதான் அக்கா. அவர்தான் குட்டியில சேட்டுக்குள்ள வச்சுக் கொண்டந்தவர்."

எங்கள் நாய் ஒருமுறை குட்டி போட்டபோது என் கணவரும் ஒன்றைக் கொண்டுபோனார். கல்முனையில் ஒரு சிநேகிதருக்கு என்றார். அந்த நினைப்பு வந்தது, வந்தபடியே போய்விட்டது. மட்டக்களப்பில் காது மடிந்த நாய் ஒன்றா இரண்டா.

கயிறு கட்டி, துணி தொங்கவிட்டு, முற்றத்து மணலை நிரப்பினேன். "அவர்ட கசற் ஏதும் இரிக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல அக்கா. அவர் கசற் அனுப்புறல்ல, கோல்தான் எடுப்பார். களுவாஞ்சிக்குடியில போன் கடைக்குப் போய்க் கதைப்பன்." சொல்லும்போது வெட்கப்பட்டாள். "நாயப் பாக்க ஆசையாக் கிடக்காம். படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரே கரைச்சல்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. கோல் எடுக்கிற புருசன், நாயைக் கேட்கிற புருசன். குடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டு றேடியோவைக் கமராவுக்குக் கீழே வைத்தேன். அவள் வெள்ளை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோழிச்சத்தம் வரும் என்று நினைத்துப் பட்டனை அமத்தினேன்.

"இஞ்ச இப்ப சரியான குளிர். கை விறைச்சுப் போகுது" என்று என் கணவர் சொன்னார்.

கசற்றை மாற்ற மறந்துவிட்டேன் என்று நிறுத்தக் கையை நீட்டினேன். அதற்குள் நாய் வாங்கிலிருந்து குதித்துவிட்டது. வால் மட்டுமல்ல, உடம்பு முழுக்க ஆடியது. றேடியோவுக்கு மூக்கை வைத்து அனுங்கியது. பிறகு சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் தேடியது. இல்லை என்றதும் முன்னால் வந்து குந்தியது, மடிந்த காது நிமிர்ந்திருந்தது. நாய்களுக்கு ஊரில் இல்லாதவரின் குரல் எப்படிக் கேட்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. வளர்த்த கைக்குத்தான் ஒரு நாய் இப்படிச் செய்யும்.

அவளைப் பார்த்தேன். வெள்ளை விரிப்பு மணலில் கிடந்தது.

"இந்தக் குரல் உங்களுக்கு எப்பிடி அக்கா?" என்று கேட்டாள்.

"என்ட வீட்டுக்காரர்" என்றேன்.

றேடியோவில் அவர் பாண் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை. அவள் றேடியோவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க அவர வீட்ட விட்டு அனுப்பிட்டிங்க எண்டுதானே சொன்னவர். பெண்சாதிட வீட்டில இருந்து சாமானத் தூக்கி எறிஞ்சா ஆம்பிளைக்கு எங்க போக்கிடம் எண்டு அழுதவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சு எரிந்தது, இரண்டும் ஒன்றாக. எங்கள் ஊர் வழக்கம் முழுவதையும் எடுத்து எவ்வளவு பொருத்தமாகப் பொய் தைத்திருக்கிறார். என் தாய் தந்த வீட்டில் லைட் தொங்கவிட்டு, என் கையால் சோறு தின்றுகொண்டு, என்னையே ராட்சசி ஆக்கியிருக்கிறார்.

"கலியாண வீட்டு ஓடருக்கு வாற நேரம் இஞ்சதான் தங்கினவரா?"

"ஓம் அக்கா."

"பாதை பூட்டினா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாதை திறந்திருந்தாலும்" என்றாள்.

இவ்வளவு காலமும் நான் கேட்டதிலேயே கொடுமையான சொல் அதுதான். நான் சோற்றை மூடி வைத்துவிட்டு ஊரில் சுடுகிற துவக்குகளையெல்லாம் திட்டிய இரவுகளில் பாதை திறந்து கிடந்திருக்கிறது. சண்டை எங்களிடம் எத்தனையோ எடுத்திருக்கிறது. ஆனால் இதை அது எடுக்கவில்லை, இதை அவராகவே எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டுப் பழியைச் சண்டையின் தலையில் போட்டிருக்கிறார், நானும் சாட்சிக்கு நின்றிருக்கிறேன்.

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல சொற்கள் என்னிடம் கைவசம் இருந்தன. ஆனால் அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னுடையது பச்சை, அவளுடையது சிவப்பு.

"விரிப்பை எடுத்துப் பிடி புள்ள" என்றேன். "படம் எடுப்பம்."

கசற்றை முதலுக்குச் சுற்றித் திரும்பப் போட்டேன். குளிர், விறைத்த கை, பாண். நாய் சாக்கில் ஏறிக் குந்தி அந்தக் குரலையே பார்த்தது. நான் எடுத்த நாய்ப் படங்கள் எதிலும் றேடியோ தெரியாது, தெரியாமல் மறைப்பதுதான் என் வேலை. அன்று மட்டும் அதைத் தூக்கி வாங்கின்மேல், நாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு பின்னால் நகர்ந்து இரண்டும் விழும்படி எடுத்தேன். றேடியோ அவர் வாங்கித் தந்தது. அதன் மேலுறை நான் பின்னியது, நீல நூலில் மீன். அவருக்கு அதைத் தெரியாமல் இருக்க வழியில்லை.

துணியை இறக்கி மணலைக் கொட்டினேன். அவள் உள்ளே போய், விலாசம் எழுதிய ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நடந்ததற்குப் பிறகும் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேணாம்" என்றேன். "அந்த விலாசம் எனக்குப் பாடம்."

படத்தை அடித்து, ஒன்றை பஸ் கொண்டக்டர் கையில் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றை சுவிஸுக்கு அனுப்பினேன். ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் படம் மட்டும் எந்தச் சாவடியிலும் எந்தத் தபால் கந்தோரிலும் தொலையவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கசற் வரவில்லை. அவளுக்கும் கோல் வரவில்லை என்று அந்தக் கொண்டக்டர்தான் வந்து சொன்னார்.

நான் ஆள் பிடித்துக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினேன். பச்சைச் சட்டையைப் பிரித்து அந்த நூலில் வீட்டுப் பூனைக்கு மெத்தை பின்னினேன். அவருடைய கசற்றுகளை எறிய மனம் வரவில்லை, அதுவும் நல்ல கசற்றுகள். ஒரு காலையில் முற்றத்தில் றேடியோவை வைத்து, அவர் பேசியதற்கு மேலே கோழிச்சத்தத்தைப் பிடித்தேன். குளிர், பாண், பேப்பர் சரிவந்தால் கூப்பிடுகிற கதை எல்லாவற்றையும் கோழிகள் கொக்கரித்து அழித்தன. கசற் இல்லாத வீட்டு நாய்களுக்கு உதவும்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். ஒரு மூலையில் அழிபடாமல் அவருடைய இருமல் ஒன்று கிடந்தது. கதவடியில் படுத்திருந்த எங்கள் நாய் எழும்பி வந்தது. காது நிமிர்ந்தது. றேடியோவுக்குப் பின்னால் போய்த் தேடியது. இவ்வளவு காலத்தில் அவர் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை, செட்டிபாளையத்தில் வளர்கிற அதன் மகனைத்தான் கேட்டார். நான் முதலில் அனுப்பிய அதன் படம் வழியில் தொலையவில்லை, அவருக்குக் கிடைத்துத்தான் இருந்திருக்கும்.

நாய் முன்னால் வந்து குந்தி, அடுத்த இருமலுக்குக் காத்திருந்தது. நான் றேடியோவை நிறுத்தவில்லை. கோழிச்சத்தம் முடியும்வரைக்கும் அதன் பக்கத்தில் நானும் இருந்தேன்.